மார்ஜரியின் தகப்பன்

அக்டோபர் 6, திங்கள்

காலையிலிருந்து மழை. ரப்பர் மரத்தில் பால் வெட்டு இல்லை. பள்ளிக்கூட லோரி தாமதம். மம்பாவில் சோல்ஜர்கள் தடுப்புப் போட்டு எல்லோரையும் இறக்கினார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு வைத்திருக்கிறோமா என்று பைகளைக் கொட்டிப் பார்த்தார்கள். என் பென்சில் பெட்டியைக்கூட.

இன்று முதல் மாலையில் பங்களாவில் வேலை. பெரிய துரையின் மனைவிக்கு ஒரு அகலத் தாளில் அவருடைய வம்சத்துப் பெயர்களைப் படமாக எழுதித் தர வேண்டும். அவருக்குக் காய்ச்சலுக்குப் பிறகு கை நடுக்கம். என் இங்கிலீஷ் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

துரையம்மாவின் தாய்வழியில் மார்ஜரி என்று ஒருத்தி. ரொம்பக் காலத்துக்கு முன் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி, அமெரிக்காவில் வெறும் காடாக இருந்த இடத்தில் குடியேறியவள். அவளுடைய தகப்பன் ஒரு பிரபு என்று காட்ட வேண்டுமாம். காட்டிவிட்டால் அவரிலிருந்து மேலே ஒரு ராஜா வரைக்கும் கோடு போகும். கீழே துரையம்மா வரைக்கும் வரும்.

குசினியில் அந்தோணி மாமா, பங்களா சமையல்காரர்: "ராஜா வீட்டுப் பொண்ணு என்னாத்துக்குடி கப்பல்ல ஏறுது? எங்கப்பன் ஏறுனாரு, கஞ்சிக்கு இல்லாம ஏறுனாரு. இவளுக்கு என்னா கேடு?"

சிரித்துவிட்டேன். பிறகு பயம். துரையம்மாவுக்குத் தமிழ் கொஞ்சம் புரியும்.

அக்டோபர் 8, புதன்

லயத்தைச் சுற்றிய முள்வேலியில் காவல் விளக்கு சுற்றுகிறது. வெளிச்சம் எங்கள் ஜன்னலைத் தாண்டும்வரை பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறேன். இந்தத் தாள்கள் விறகுக்கு அடியில். அம்மா கண்டால் அடுப்பில் போடுவாள்.

யாரிடமும் சொல்ல முடியாததை எழுதி வைக்கிறேன். அப்பாவைப் பிடித்த நாள்.

அப்பா பால் வெட்டும் மர நிரையில், மண்ணுக்கடியில், பால் டின் நிறைய அரிசி இருந்ததாம். காட்டில் இருப்பவர்களுக்காக யாரோ புதைத்தது. சோல்ஜர்கள் லயத்துக்கு வந்தார்கள். கூட, தமிழில் கேட்டுச் சொல்ல ஒருத்தன். வெளியூர்க்காரன், கால்சட்டை, சிகரெட். அம்மாவிடம், "ஒம் புருஷன் பேரு என்னா?"

அம்மா சொல்வாளா? எங்கள் லயத்தில் எந்தப் பெண் சொல்வாள்? சொன்னால் அவர் ஆயுசு குறையும். "இதுங்க அப்பா" என்றாள். மறுபடியும் கேட்டான். சுவரில் இருந்த பழனி முருகன் படத்தைக் காட்டினாள். கடையில் பெயர் கேட்டாலும் அப்படி ஏதாவது ஜாடைதான்; கடைக்காரர் சிரித்துக்கொண்டே "பழனியாண்டியா?" என்பார். அம்மா தலையாட்டுவாள். அவ்வளவுதான்.

இவன் சிரிக்கவில்லை. "பேர மறைக்கிறா. சாமியக் காட்டிக் கிண்டல் பண்றா" என்றான். அதையே இங்கிலீஷில் சொன்னான். எனக்குப் புரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் லோரி கிளம்பிவிட்டது. அப்பாவைப் பால் கொட்டகையில் பிடித்தார்களாம். கையில் வாளியோடு.

அக்டோபர் 10, வெள்ளி

அப்பா சிரம்பானில் காவலில் இருக்கிறார். பார்க்க விடவில்லை. இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. அப்பா இந்தியாவைப் பார்த்ததே இல்லை.

இங்கே பிறந்தவர் என்று யாராவது எழுதிக் கொடுத்தால் அனுப்பமாட்டார்களாம். அப்பா இதே லயத்தில்தான் பிறந்தார், குழாயடி வீட்டில். அவருடைய அம்மா நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவள். அது எல்லோருக்கும் தெரியும். பிறப்புச் சூராட் மட்டும் இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் ஆபீசு எரிந்தபோது எல்லாத் தாளும் போய்விட்டது.

அம்மாவும் நானும் கங்காணி வீட்டுக்குப் போனோம். அவருக்குத் தெரியும், அப்பா பிறந்தபோது சர்க்கரை வாங்கித் தின்றவர். கதவைப் பாதிதான் திறந்தார்.

"பாப்பா, தெரியாமயா? ஒங்கப்பன் தொட்டில்ல கெடந்தப்ப நான் ஆட்டியிருக்கேன். ஆனா கையெழுத்துப் போட்டேன்னா அடுத்த லோரில நானுல்ல ஏறணும். போயிடுலா, யாராச்சும் பாத்துடப் போறான்."

அம்மா திரும்பி நடந்தாள். சேறு. அவளுடைய ஒரு செருப்பு அறுந்துவிட்டது.

துரையம்மாவிடம் கேட்கலாம். எப்படிக் கேட்பது? பள்ளிக்கூடப் பாடத்தில் இதற்கு வாக்கியம் இல்லை.

அக்டோபர் 13, திங்கள்

மழை விட்டது. பங்களாவில் இங்கிலாந்துக் கடிதம். அங்கே ஒரு பாதிரியார் பழைய கோயில் பதிவுகளைத் தேடித் தருகிறார். பிரபுவின் கிராமத்தில் மார்ஜரி என்று ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆகியிருக்கிறது. தகப்பன் பெயர் இருந்த இடத்தை ஈரம் தின்றுவிட்டதாம். "உறுதியாகச் சொல்ல இயலாது" என்று பாதிரியார் எழுதியிருந்தார். நானே படித்தேன்.

துரையம்மா கைதட்டினார். "அதே கிராமம்! வேறு யாராக இருக்க முடியும்?" இவ்வளவு நாளும் பென்சிலில் புள்ளிப் புள்ளியாக இருந்த கோட்டின்மேல் மை போடச் சொன்னார்.

போட்டேன். நல்ல நேர்க்கோடு. மார்ஜரிக்குத் தகப்பன் கிடைத்துவிட்டார்.

மை காய்வதற்குள் கேட்டுவிட்டேன். என் அப்பா இங்கே பிறந்தவர், துரை ஒரு கடிதம் கொடுப்பாரா என்று. இங்கிலீஷ் தப்பாக வந்தது.

துரையம்மா என் தோளைத் தொட்டார். "பாவம் குழந்தை. ஆனால் ஆதாரம் இல்லாமல் எப்படிச் சொல்வது? ஒரு மனிதன் எங்கே பிறந்தான் என்று நாமாக முடிவு செய்ய முடியாதே." பிறகு, "துரையிடம் கேட்டுப் பார்க்கிறேன்."

நல்லவர்தான். எலுமிச்சைத் தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்தார். தம்பிக்கு என்று ஒன்றை மடியில் வைத்தேன். அந்தோணி மாமா பிடுங்கினார். "கேட்டுல சோல்ஜரு பாத்தான்னா நீ இத காட்டுக்குக் கொண்டு போறன்னு சொல்லுவான். இங்கயே தின்னுடி." தின்றேன்.

அக்டோபர் 15, புதன்

தீபாவளி வருகிறது. எண்ணெய் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

துரையம்மாவிடம் பதில் இல்லை. ராஜாவின் பெயரைச் சிவப்பு மையில் எழுதவா, தங்க நிறத்திலா என்று என்னைக் கேட்டார். தங்கம் என்றேன்.

ராத்திரி பெடாஸ் பக்கம் வெடிச் சத்தம் என்று லயத்தில் பேச்சு. தம்பி படுக்கையை நனைத்துவிட்டான்.

அக்டோபர் 20, திங்கள்

பங்களா. படம் முடிந்தது. துரையம்மா தள்ளி நின்று பார்த்தார். கண்ணில் தண்ணீர். அப்புறம் திடீரென்று, "அட, உன் தகப்பன் விஷயம்!"

துரை கடிதம் தரமாட்டார். ஆனால் சிரம்பான் அதிகாரியிடம் பேசினாராம். மனைவி நேரில் வந்து, புருஷன் பெயரையும் பிறந்த இடத்தையும் தன் வாயால் சொன்னால் விசாரிப்பார்களாம். அன்றைக்குப் பெயர் சொல்லாமல் மறைத்ததுதான் பெரிய குற்றமாக எழுதியிருக்கிறதாம்.

எப்போது பேசினார் என்று கேட்டேன். போன செவ்வாயே. அந்தப் பாதிரியாருக்குப் பதில் எழுதும் பரபரப்பில் மறந்துவிட்டதாம். "மன்னித்துக்கொள்" என்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்ட முதல் வெள்ளைக்காரர்.

வீட்டில் சொன்னதும் அம்மா அடுப்பைப் பார்த்தபடி இருந்தாள்.

"நீயே சொல்லேண்டி. ஒனக்கு அப்பாதானே."

"நான் சொன்னா எடுக்கமாட்டாங்கம்மா. நீதான் சொல்லணுமாம்."

"அவரு ஆயுசு கொறையும்டி."

"சொல்லாட்டி கப்பல்ல ஏத்திடுவாங்கம்மா."

விறகை அடுப்புக்குள் தள்ளிவிட்டு, "காலைல நல்ல சீலைய எடுத்து வை" என்றாள்.

அக்டோபர் 21, செவ்வாய்

பள்ளிக்குப் போகவில்லை. சிரம்பான். வெயில்.

மேசைக்குப் பின்னால் ஆபீசில் எழுதும் ஒரு கிராணி, நம் ஆள், மூக்குக்கண்ணாடி. "பேரு?" அம்மா முந்தானையை வாயில் வைத்தாள். "யாரப் பாக்கணும்? பேரு சொல்லும்மா, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க." முந்தானையை எடுத்தாள். தாலியைக் கைக்குள் பிடித்துக்கொண்டாள்.

"பழனியாண்டி."

அம்மா வாயில் அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை. வேறு யாரோ பேசியதுபோல் இருந்தது. உடனே, கேட்காமலே, "இங்கதான் பொறந்தாரு. கோலா சாவா தோட்டம். கொழாயடி வீடு" என்றாள்.

கிராணி உள்ளே போய்விட்டு வந்தார். அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். "நேத்துக் காலைல கப்பலுக்கு லோரி போயிடுச்சு, பாப்பா. அதுல போயிட்டாரு."

நேற்றுக் காலை நான் பள்ளிக்கூடத்தில். சாயங்காலம் தங்க மை.

திரும்பும்போது பஸ்ஸில் ரந்தாவ் பொம்பளை ஒருத்தி அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். "யாரப் பாக்கப் போனீங்க, அக்கா?"

"பழனியாண்டிய" என்றாள் அம்மா.

குரல் தாழவில்லை. வாயைப் பொத்தவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி இன்னொரு தடவை சொன்னாள். யாரும் கேட்கவில்லை.

அந்தோணி மாமா வந்து சொல்லிவிட்டுப் போனார். படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் வந்துவிட்டதாம். மார்ஜரியின் பெயருக்குக் கீழே "காட்டைத் திருத்தியவள்" என்று ஒரு வரி சேர்க்க வேண்டுமாம். நாளை நான் வர வேண்டுமாம்.

விளக்கு சுற்றி வருகிறது.