கழுதைகளுக்குப் பிரெஞ்சு

யூன் 12, செவ்வாய்

கச்சான் காற்று. சிலேட்டெல்லாம் மணல். முழங்கால் இரண்டும் வீக்கம்.

காரணம் எங்கள் விடுதிப் பள்ளிச் சட்டாம்பிள்ளை கபிரியேல். வெள்ளிக்கிழமை, சாமிமாருக்கெல்லாம் தலைவரான மேற்றிராணியார் மன்னாருக்கு வருகிறார். அவர் முன் பிரெஞ்சில் வரவேற்பு வாசிப்பவனுக்கு யாழ்ப்பாணத்தில் மேற்படிப்பு. வரவேற்பை எழுதியது நான். கபிரியேல் அதைப் பார்த்து எழுதி, நான் கொடுக்குமுன் பிரெஞ்சு படிப்பிக்கும் சாமியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். போதாதென்று என்னையும் கைகாட்டினான்:

"சாமி, இவன்தான் என்ரையைப் பாத்து எழுதினவன்."

பிரெஞ்சுச் சாமியார் நம்பிவிட்டார். வாசிப்பு அவனுக்கு, முழங்கால் தண்டனை எனக்கு.

பொறு மகனே, பொறு.

யூன் 13, புதன்

பாடம்: முடிந்த வினை பெயரோடு ஒட்டி உரிச்சொல்லாவது. நமக்குக் 'களைத்த' ஒன்றே போதும். களைத்த மாடு, களைத்த மாடுகள், களைத்த சாமியார். பிரெஞ்சில் அப்படி விடமாட்டார்கள். பெண் என்றால் வாலில் ஒரு e. பலர் என்றால் s.

"கழுதைக்கும் இப்பிடியோ சாமி?"

"கழுதைக்கும்தான்."

மெத்தப் பெரிய உபகாரம்.

யூன் 14, வியாழன்

தேவை: பெட்டிப் பலகை, சுண்ணாம்பு, கயிறு. கழுதைகள் கோயிலடியில் தாராளம். ஆணா பெண்ணா என்று குனிந்து பார்த்ததில் தொடையில் ஓர் உதை. போகட்டும். இலக்கணம் முக்கியம்.

யூன் 15, வெள்ளி

வெயில். மேற்றிராணியார் கதிரையில் அமர்ந்திருந்தார். கபிரியேல் வாயைத் திறந்தான், நான் வேலிப் படலையைத் திறந்தேன்.

முதலில் ஓர் ஆண்கழுதை, கழுத்தில் பிரெஞ்சில் எழுதிய பலகை: 'களைத்த கழுதை'. பின்னால் சேர்த்துக் கட்டிய இரண்டு: 'நன்றாகப் படிப்பிக்கப்பட்ட கழுதைகள்', s உடன்.

மேற்றிராணியார் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஒரு பிழையும் இல்லை! எழுதினது ஆர்?"

வாசிப்புக் குழம்பினால் போதும் என்றுதான் இருந்தேன். கபிரியேல் முந்திக்கொண்டான்.

"நான்தான் ஆண்டவரே!"

அப்போதுதான் கடைசிக் கழுதை ஆடி அசைந்து உள்ளே வந்தது: 'மேற்றிராணியாரால் ஆசீர்வதிக்கப்பட்ட பெண்கழுதை'. e மறக்கவில்லை.

சிரிப்பு நின்றது.

பிறகு கபிரியேல் சமையல் குசினிக்குப் பின்னால் என்னைப் பிடித்தான். கையெல்லாம் பிரம்படி.

"டேய், நீதான் எழுதினது எண்டு சாமியிட்டைச் சொல்லடா!"

"எனக்கெங்கை அண்ணை பிரெஞ்சு? நான் பாத்து எழுதிறவன்."

மாலையில் சாமியார் சொல்லிவிட்டார்: இந்த வருடம் யாழ்ப்பாணத்துக்கு ஒருவனும் இல்லை.

கபிரியேல் இரவு சாப்பிட வரவில்லை. அவன் பங்கு மீனையும் நானே தின்றேன்.