மலை இறங்கி உட்கார்ந்த நாள்

மேல்பிரிவு லயம்,
ஜூன் 9, ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

ஜீவராணி எழுதிக்கொள்வது. நானும் மகள் தனுஷிகாவும் சுகம். உங்கள் சுகத்தை, தினமும் நம் லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே வளைவில் பஸ் திரும்புகிற சத்தத்தில் தெரிந்துகொள்கிறேன். எஞ்சின் நன்றாகத்தான் இருமுகிறது. ஓட்டுகிறவர் எப்படியோ தெரியவில்லை.

போன் அடித்தால் எடுப்பதில்லை. கடுதாசியையாவது கிழிக்காமல் படிப்பீர்கள் என்று உங்கள் நடத்துனர் தர்ஷனிடம் கொடுத்தனுப்புகிறேன். "கிழிக்க மாட்டாருக்கா, நான் பக்கத்துலயே நிக்கிறேன்" என்கிறான்.

உங்கள் கோபம் எனக்குப் புரியாமலில்லை. செவ்வாய்க்கிழமை சம்பள உயர்வு கேட்டு ஐந்து தேயிலைத் தோட்டங்களின் பெண்கள் அட்டன் ரோட்டை மறித்து உட்கார்ந்தோம். முதல் வரிசையில் நான். முதலில் வந்து நின்றது உங்கள் பஸ். அது யாருடைய கெட்ட நேரமோ. நீங்கள் இறங்கி வந்து அத்தனை பேர் முன்னால் "எந்திரிடி" என்றீர்கள். நான் எழுந்திருக்கவில்லை. அன்று ராத்திரியே துணிமணியை எடுத்துக்கொண்டு கராஜ் அறைக்குப் போய்விட்டீர்கள். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் நீங்கள் வீட்டில் இல்லாத முதல் வாரம் இது.

நீங்கள் திட்டியது எனக்கு வலிக்கவில்லை மாமா. அதற்கு முன்னால் ஹோன் அடித்தீர்களே, அதுதான். தினமும் சாயந்திரம் அஞ்சே காலுக்கு வளைவில் மூன்று முறை அடிப்பீர்கள், நான் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுவேன். அதே மூன்று. அதைக் கேட்டதும் என் முழங்கால் தானாக எழும்பப் பார்த்தது. பிடித்து உட்கார வைத்தேன்.

ஹோன் கேட்டால் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்குவதுதானே நம் வழக்கம்? தலையில் கூடையோடு, இடுப்பில் பிள்ளையோடு, தோட்டத்துத் துரை ஜீப்புக்கும் கொழுந்து லொறிக்கும் ஒதுங்கி ஒதுங்கியே வளர்ந்தோம். அந்த ரோட்டின் ஓரம் எனக்கு அத்துப்படி. நடுவை அன்றைக்குத்தான் பார்த்தேன். நடு கொஞ்சம் மேடாக இருக்கிறது. தண்ணீர் தங்குவதில்லை. இத்தனை வருஷமும் தண்ணீர் ஓடுகிற பக்கத்திலேயே நடந்திருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது.

திரும்பிப் பார்த்தேன். அடுத்த வளைவு வரைக்கும் பெண்கள். வளைவுக்கு அப்பாலும் இருந்தார்கள். மழைக்குத் தலையில் போடுகிற கொங்காணியோடு. மலையில் அவரவர் நிரையில் குனிந்து நின்று கொழுந்தெடுக்கும்போது பக்கத்து நிரைகூடத் தெரியாது. இவ்வளவு பேரா நாம் என்று உடம்பு சிலிர்த்துவிட்டது.

வீட்டுக்கு வாருங்கள். அஞ்சே காலுக்குத் தண்ணீர் வைக்கலாமா வேண்டாமா என்று தினமும் அடுப்பு முன்னால் நிற்கிறேன்.

உங்கள்
ஜீவராணி


அட்டன்,
ஜூன் 11

அன்புள்ள ராணிக்கு,

நல்லமுத்து எழுதுவது. எனக்கு ஒரு குறையுமில்லை. கராஜில் பூனை ஒன்று இருக்கிறது. அது என் பேச்சுக்கு எழுந்திருக்கிறது.

நீ உன் முதுகுக்குப் பின்னால் எவ்வளவு பேர் என்று எழுதினாய். என் முதுகுக்குப் பின்னால் ஐம்பது பேர் இருந்தார்கள், அது தெரியுமா? பள்ளிக்கூடப் பிள்ளைகள். லீக்ஸ் காய்கறி மூட்டையோடு ஒரு மனுஷன். மூன்றாவது சீட்டில் பக்கத்து லயத்துப் பூரணி. அன்றிரவு குவைத்துக்குப் பிளேன் அவளுக்கு. வீட்டு வேலைக்கு இரண்டு வருஷமாகக் கடுதாசி, கைரேகை, மருத்துவம் என்று அலைந்து கிடைத்த பயணம். புதுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணே, மணி என்னண்ணே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அழவில்லை, திட்டவில்லை. ஒரு கட்டத்தில் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அன்று இருட்டும் வரைக்கும் நீங்கள் எழும்பவில்லை. பிளேன் போய்விட்டது.

சம்பளம் கேட்காதே என்றா சொல்கிறேன்? நானும் லயத்துப் பிள்ளைதான், என் அம்மாவும் கொழுந்தெடுத்தவள்தான். ஆனால் சம்பளம் தராதவன் கொழும்பில் ஏசி அறையில் இருக்கிறான். நடுரோட்டில் கிடந்தது பூரணி. பாவம் ஓரிடம், பழி ஓரிடம். ரோடு எல்லாருக்கும் பொது, ராணி.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். பதினேழு வருஷமாக அந்த ரோட்டில் ஓட்டுகிறேன். நீங்கள் எனக்கு மலையில் தெரிகிற புள்ளிகள். சிவப்பாய், நீலமாய். மலையோடு சேர்ந்தே இருப்பதால் கண் தேடிப் பார்ப்பதில்லை. அன்றைக்கு வளைவு திரும்பியதும் அந்தப் புள்ளி எல்லாம் முகமாக இருந்தது. அத்தனையும் என்னைப் பார்த்தது. திட்டத் திறந்த வாயை மூட எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. இதை யாரிடமும் சொல்லாதே. தர்ஷனுக்குத் தெரிந்தால் பஸ் முழுக்கச் சொல்லுவான்.

பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

நல்லமுத்து


மேல்பிரிவு லயம்,
ஜூன் 14, வெள்ளி

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடுதாசி வந்த அன்றே பூரணி வீட்டுக்குப் போனேன். காம்பரா அறையில் அந்தப் புதுப் பை பிரிக்காமல் இருந்தது. என்ன சொல்வதென்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன், வாசலில் எல்லாம் மறந்துவிட்டது. அவளே சொன்னாள்: "மன்னிப்பெல்லாம் வேணாங்கக்கா. எனக்காகவும்தான் உக்காந்தோம்னு மட்டும் சொல்லாதீங்க."

அதைத்தான் சொல்லப் போயிருந்தேன். தேத்தண்ணி கொடுத்தாள், குடிக்க முடியவில்லை.

ஏஜென்சிக்காரன் இன்னொரு தேதி கொடுத்திருக்கிறானாம். அதுதான் கடைசி, தவறினால் வேறு ஆளை அனுப்பிவிடுவானாம். வருகிற புதன்கிழமை, பத்தொன்பது. காலை எட்டு மணிக்கு அட்டனில் கொழும்பு பஸ் பிடிக்க வேண்டும்.

மாமா, சங்கமும் இரண்டாவது மறியலுக்குப் பத்தொன்பதாம் தேதியைத்தான் வைத்திருக்கிறது. விடியற்காலை ஐந்து மணியிலிருந்து.

நேற்றுக் கோயிலடிக் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். ஒரே ஒரு பஸ்ஸுக்கு, ஐந்து நிமிஷம் வழி விடுவோம் என்று. போன தடவை ஆஸ்பத்திரி வண்டிக்கு விட்டோமே என்றேன். சங்கத்து மீனம்மா மதினி கத்தவில்லை, நிதானமாகத்தான் சொன்னாள்: "ராணி, ஆஸ்பத்திரி வண்டி வேற. பஸ்ஸுக்குத் தெறந்தா அதுக்குப் பின்னாலேயே கொழுந்து லொறி வரும், தொர ஜீப்பு வரும். அப்பறம் நாம ஓரமா நின்னு வேடிக்க பாக்கலாம். வாழ்நாளெல்லாம் அதைத்தான செஞ்சோம்?" அவள் சொன்னதும் சரிதான். பூரணியும் சரிதான். நடுவில் நான் முழிக்கிறேன்.

உங்கள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். போன வருஷம் மழையில் மலை சரிந்து ரோட்டில் விழுந்ததே, அப்போது யாரைத் திட்டினீர்கள்? இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தீர்கள். அதைப் பார்த்து "எந்திரிடி" என்று சொன்னீர்களா? மண் விழுந்தால் வாயைப் பொத்திக்கொள்கிறவர், மனுஷி உட்கார்ந்தால் மட்டும் கத்துவது என்ன நியாயம்? நாங்கள் மறித்த அன்றைக்கும் மலைதான் இறங்கி வந்து ரோட்டில் உட்கார்ந்திருந்தது.

புதன்கிழமையும் நான் முதல் வரிசைதான். பூரணியை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

ஜீவராணி


அட்டன்,
ஜூன் 16

அன்புள்ள ராணிக்கு,

நீ கோபத்தில் எழுதியது எனக்கு வழி காட்டியிருக்கிறது. மலை சரிந்தபோது என்ன செய்தோம்? பஸ்ஸை இந்தப் பக்கம் நிறுத்தினேன். சனம் இறங்கி, மண்ணில் கால் வைத்து அந்தப் பக்கம் நடந்தது. அங்கே விஜிதரன் அவனுடைய பஸ்ஸைத் திருப்பிப் போட்டு நின்று ஏற்றிக்கொண்டான். மண்ணும் இருந்த இடத்திலேயே இருந்தது, சனமும் ஊர் போய்ச் சேர்ந்தது.

விஜிதரனிடம் பேசிவிட்டேன். புதன்கிழமை காலை ஆறரைக்கு அட்டன் பக்கம் கோயில் திருப்பத்தில் நிற்பான். நான் ஐந்து மணிக்கு முன்பே கடந்து வந்து நம் லயத்துப் பக்கம் நிற்பேன். மீனம்மாவிடம் சொல், ரோட்டைத் திறக்க வேண்டாம். எந்த வண்டிக்கும் வேண்டாம். மனுஷன் நடக்க ஓரடிப் பாதை மட்டும் போதும். ஓரடிப் பாதையில் கொழுந்து லொறி போகாது.

ரோட்டை மறிப்பது தப்பு என்றுதான் இப்போதும் சொல்கிறேன். அதில் மாற்றமில்லை.

இன்னொன்று. எழுதுவதா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். அன்றைக்கு ரோடு ஈரம். வளைவில் நீங்கள் உட்கார்ந்திருப்பது கடைசி நேரத்தில்தான் தெரிந்தது. பிரேக்கை மிதித்தேன், பஸ் வழுக்கியது. ஹோன் அடித்தது எழுந்திரு என்று சொல்ல இல்லை, ராணி. வண்டி என் கையில் இல்லை என்று சொல்லத்தான் அடித்தேன். நின்றபிறகு இறங்கி வந்து பார்த்தேன். பம்பருக்கும் உன் முழங்காலுக்கும் நடுவில் இரண்டு சாண். நீ கண்ணைக்கூட மூடவில்லை. பயத்தில் வாயில் வந்ததுதான் அந்த "எந்திரிடி".

அதற்குப் பிறகு ஹோனில் கை வைத்தால் அந்த இரண்டு சாண்தான் தெரிகிறது. வளைவில் அடிக்காமல் போவது கோபத்தில் இல்லை. வீட்டுக்கு வந்தால் நீ அந்த முழங்காலோடு தேத்தண்ணி கொண்டுவருவாய். அதைப் பார்க்கிற தைரியம் இன்னும் வரவில்லை.

நல்லமுத்து


மேல்பிரிவு லயம்,
ஜூன் 20, வியாழன்

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்று நீங்கள் பஸ்ஸோடு இந்தப் பக்கமே நின்றுவிட்டீர்கள். அதனால் உள்ளே நடந்ததை உங்களுக்கு நான்தான் சொல்ல வேண்டும். காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டு இல்லாததால் இன்றைக்கு எழுத நேரமும் இருக்கிறது.

நீங்கள் தூரத்திலேயே எஞ்சினை நிறுத்தினீர்கள். ஹோன் இல்லை. பஸ் சத்தமில்லாமல் பனியில் நின்றதைப் பார்த்து மீனம்மா மதினி என் காதில் சொன்னாள், "ஒம் புருஷன் கோயில் வாசல்ல நிக்கிற மாதிரி நிக்கிறாருடி." சனத்தை இறக்கிவிட்டுப் பூரணியை முன்னால் அனுப்பினீர்கள். நான் எழுந்தேன். அவள் பையை வாங்கி, என் கூடைக் கயிற்றைப் போட்டு முதுகில் தொங்கவிட்டேன். கொழுந்தைவிடக் கனம் குறைவுதான்.

நீங்கள் சொன்ன ஓரடிப் பாதைக்கு மதினி முன்பே ஒத்துக்கொண்டிருந்தாள், விடச் சொல்லி யாரும் கத்தவில்லை. முன்னால் இருந்தவள் முழங்காலை மடக்கினாள், அடுத்தவள் மடக்கினாள், அப்படியே வளைவு வரைக்கும் போயிற்று. ஓரடிதான். நாங்கள் நடக்க நடக்க முன்னால் திறந்தது. எல்லாரும் கடந்தபிறகு பின்னால் மூடிக்கொண்டது. எங்களுக்குப் பின்னால் உங்கள் சனம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் கடைசி வரை. அந்த லீக்ஸ் மூட்டைக்காரரும் வந்தார். வரும்போது வாய் நிறையத் திட்டிக்கொண்டு வந்தவர், உள்ளே நுழைந்து பத்து முகம் தாண்டியதும் பேச்சை நிறுத்திவிட்டார். கீழே கைகளும் பாதங்களும் கிடந்தன, மிதித்துவிடக் கூடாதே என்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். அவரைப் பார்த்துப் பின்னால் வந்த அத்தனை பேரும் கழற்றினார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது ஐம்பது பேர் வெறுங்காலோடு வந்துகொண்டிருந்தார்கள். மழைத் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது, எதற்கென்று தெரியவில்லை.

பூரணி என் பின்னாலேயே வந்தாள். உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருத்தியாக அவள் கையைத் தொட்டுத் தொட்டு விட்டார்கள். அவளும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. விஜிதரன் அண்ணன் சொன்னபடி பஸ்ஸைத் திருப்பிப் போட்டு நின்றார். பையை ஏற்றிக் கொடுத்தேன். படியில் நின்று பூரணி என்ன சொன்னாள் தெரியுமா? "போயி உக்காருங்கக்கா. ஒங்க எடம் போயிரப் போகுது."

மன்னித்தாளா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. ராத்திரி கட்டுநாயக்க ஏர்போர்ட்டிலிருந்து போன் பண்ணினாள். உள்ளே போய்விட்டாளாம்.

சம்பளப் பேச்சு அடுத்த வாரமாம். சரிவராவிட்டால் மறுபடியும் உட்காருவோம். நீங்கள் தப்பு என்பீர்கள், நான் உட்காருவேன். அந்தச் சண்டையை வீட்டில் வைத்துக்கொள்வோம் மாமா. கடுதாசியில் சண்டை போட்டுக் கை வலிக்கிறது.

முழங்காலைப் பற்றி எழுதினீர்கள். கண்ணை மூடாதது தைரியத்தில் இல்லை. நீங்கள் ஓட்டுகிற வண்டி என் மேல் ஏறாது என்று எனக்குத் தெரியும். அவ்வளவுதான். முழங்கால் நன்றாக இருக்கிறது, தார் ஒட்டியது மட்டும் இன்னும் போகவில்லை. வந்து பார்த்துவிட்டுப் பயப்படுங்கள்.

ஹோன் வேண்டாம். பஸ் திரும்புகிற சத்தமே எனக்குப் போதும். வளைவில் நிறுத்தி இறங்கி

ஹோன்.

இப்போதுதான். ஒன்று. தனுஷிகா வாசலுக்கு ஓடுகிறாள்.

இரண்டு.

மூன்றாவதைக் காணோம். கையை எடுத்துவிட்டீர்களா? அடிங்க மாமா. நான் ரோட்டில் இல்லை, வீட்டில்தான் இருக்கிறேன்.

அடிச்சிட்டீங்க.

அடுப்பு மூட்டப் போகிறேன்.