ஏரிச் சேற்றில் அரளி

பின்லாந்து, மார்ச் 1974

அன்புள்ள பத்மாவுக்கு,

நான் சௌக்கியம். நைனாவுக்கு இருமல் நின்றதா?

பனிப்பாறை உருகி உண்டான ஏரியின் அடிச்சேற்றைத் தோண்டி, அதிலுள்ள மகரந்தத்தைப் பார்த்து, இங்கே முதலில் என்ன முளைத்தது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. நேற்று, புல் மட்டுமே இருக்கவேண்டிய சேற்றில் அரளி மகரந்தம்! இந்தக் குளிரில் அரளியா? கூட வேலைசெய்யும் ஓலவிதான் வேண்டுமென்றே கலந்துவிட்டான் என்று நினைத்து, அவன் கையையே கவனித்துக்கொண்டிருந்தேன். அவனோ என் சட்டைப்பையைச் சுட்டிக்காட்டினான். ‘மலைமேல முருகனுக்குச் சாத்துன பூங்க, சட்டையிலயே வச்சிகினு இருங்க’ என்று நீ அனுப்பிய அரளி! இப்போது தினமும் என் பையைச் சோதித்துவிட்டுத்தான் அவன் என்னை ஆய்வுக்கூடத்துக்குள் விடுகிறான்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள். இனிமேல் கடிதத்தில் பூ வைக்காதே. இல்லை, வை; அறைக்கு வந்து பிரித்து, பூவை அங்கேயே வைத்துக்கொள்கிறேன்.

பரந்தாமன்