மாப்பிள்ளை அடைத்த கூரை

நவம்பர் 4, செவ்வாய்

நாங்கள் குடியிருக்கும் டிரெய்லரின் கூரையில் இருந்த இரண்டு காற்றுத் துவாரங்களையும் என் மாப்பிள்ளை அடைத்துவிட்டான். ஆகஸ்டு மாதம், நானும் மனைவியும் வெளியூர் போயிருந்த இரண்டு நாளில், என்னை ஒரு வார்த்தை கேட்காமல். குளிர் தாங்கும் என்று சொல்லி உள்கூரை முழுக்க ஃபோம் பலகை ஒட்டி, அதன் மேல் வெள்ளைத் தகடு அடித்து, படுக்கைக்கு மேலே இருந்த துவாரத்தையும் அடுப்புக்கு மேலே இருந்த துவாரத்தையும் சேர்த்து மூடினான். இப்போது வெளியே வெயில், உள்ளே மழை. சன்னலில் தண்ணீர் வழிகிறது. தகடுகள் சேரும் இடமெல்லாம் சொட்டுகிறது. அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூசணம். அதை மூச்சில் இழுத்து இழுத்து என் மனைவியின் நெஞ்சு கெட்டது.

இதை முதலில் எழுதி வைக்கிறேன். கிழவனுக்கு ஞாபகம் தப்பிவிட்டது என்று பின்னால் யாரும் கதை கட்டக் கூடாது.

இன்று அவள் போய்விட்டாள். ஈரம் காய்கிறவரை அங்கே ஒரு ராத்திரிகூடத் தூங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் கார் கொண்டுவந்து அழைத்துப் போனாள். எங்கே? அவள் வீட்டுக்கு. அதாவது அவன் வீட்டுக்கு. நெஞ்சைக் கெடுத்தவன் வீட்டிலேயே போய் நெஞ்சு ஆற வேண்டும்!

காரில் ஏறும்போது இருமிக்கொண்டே சொன்னாள்: "ஸ்வெட்டர் ரெண்டாவது தட்டுல இருக்கு. கோவம் எல்லாத் தட்டுலயும் இருக்கு, அத நான் எடுத்து வெக்க வேண்டியதில்ல."

நவம்பர் 5, புதன்

பக்கத்து டிரெய்லர்காரர் பழைய லாரி டிரைவர். திடலில் எல்லோரும் அவரை ரேடியோ என்றுதான் சொல்வோம். காதில் விழுந்தது அடுத்த நிமிடம் வாயில் வந்துவிடும். இன்று காலை குழாயடியில் ஒலிபரப்பினார்.

"உங்க மாப்பிள்ளைய ஒர்க்‌ஷாப்ல பாத்தேன். மாமா உள்ளயே ஈரத்துணி காயப்போடறாரு, நாள் பூரா வெந்நீர் கொதிக்க வெக்கறாரு, அப்புறம் கூரையில தண்ணி சொட்டாம தேனா சொட்டும்னு கேக்கறாரு."

"யார்கிட்ட சொன்னான்?"

"அங்க இருந்த எல்லார்கிட்டயும்தான்."

அங்கே இருந்தவர்கள் யார்? இந்தத் திடலில் இருப்பவர்கள்தான். முப்பது டிரெய்லர்கள் நிற்கின்றன இங்கே. சக்கரம் இருக்கிறதே தவிர ஒன்றும் நகர்வதில்லை. யாருக்குப் பழுது என்றாலும் அவன் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போக வேண்டும். ஆகவே என் மனைவியின் இருமலுக்கு நான்தான் காரணம் என்று இன்றைக்கு முப்பது வீட்டிலும் பேச்சு.

சரி. பார்த்துவிடலாம்.

நவம்பர் 6, வியாழன்

இன்றிலிருந்து டிரெய்லருக்குள் சமையல் இல்லை. வெந்நீர் இல்லை. குளியல் பொதுக் குளியலறையில். துணி வெளியே கொடியில், எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி. தினமும் காலை ஆறு மணிக்குச் சன்னல்களைத் துண்டால் துடைத்து, பிழிந்து, அளவுக் குவளையில் ஊற்றிக் குறிப்பேன். ஒற்றை ஆள் மூச்சு மட்டும்தான் உள்ளே. அப்படியும் கூரை சொட்டினால் அவன் எந்த முகத்தோடு பேசுவான்?

நவம்பர் 7. முந்நூற்றுப் பத்து மில்லி. கூரையில் கறை அப்படியே.

நவம்பர் 8. இருநூற்றுத் தொண்ணூறு.

நவம்பர் 9. முந்நூறு. கறை ஒரு விரல்கடை வளர்ந்திருக்கிறது. பென்சிலால் சுற்றிலும் கோடு போட்டுத் தேதி எழுதினேன்.

நவம்பர் 12, புதன்

நாற்பது வருடம் தையல் மெஷின் பழுதுபார்த்தவன் நான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒன்றைப் பிரிப்பேன், வரிசையாகப் பாயில் வைப்பேன், திரும்பப் பூட்டுவேன். மூன்றாவது தடவை அது என் கைக்கு வந்துவிடும். பிரித்துப் பார்க்காத எதைப் பற்றியும் நான் வாய் திறந்ததில்லை.

இன்று நீளமான குத்தூசியை எடுத்து, தகட்டு இடுக்கு வழியே மேலே செருகினேன். ஃபோம் பலகை இருக்கும் தடிமன் வரை ஊசி காய்ந்து வந்தது. அதையும் தாண்டிச் செருகியபோது நனைந்து வந்தது. ஐந்து இடத்தில் குத்தினேன். ஐந்திலும் அதேதான்.

ஆக, தண்ணீர் பலகைக்கு மேலே நிற்கிறது. உள்ளே இருக்கும் ஆவி, துவாரம் இருந்தால் அது வழியே வெளியே போயிருக்கும். போக வழியில்லாமல் பலகை இடுக்குகளில் நுழைந்து மேலே ஏறி, குளிர்ந்த கூரைத் தகட்டில் பட்டுத் தண்ணீராகி, இறங்கவும் முடியாமல் ஏறவும் முடியாமல் நிற்கிறது. இதைப் புரிந்துகொள்ள ஒரு படிப்பும் வேண்டாம். மூடிய சட்டியின் மூடியைத் திருப்பிப் பார்த்தால் போதும். பதினைந்து வருடமாக டிரெய்லர் ஒர்க்‌ஷாப் நடத்துகிறவனுக்கு இது தெரியவில்லை. தெரிந்தும் என் மேல் பழி போட்டிருந்தால்? அது இன்னும் மோசம்.

மகளிடம் போனில் சொன்னேன். "அப்பா, அவர் உங்களுக்கு நல்லது நெனச்சுதான் செஞ்சார்" என்றாள்.

"நல்லது நெனச்சவன் வாய மூடிட்டு இருக்கணும். குழாயடி வரைக்கும் என் மானத்த ஏன் அனுப்பறான்?"

அவள் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். இருமல்தான் முதலில் கேட்டது. பிறகு, "அம்பது வருஷமா உங்க மானத்த நான்தான் துவைச்சுக் காயப்போடறேன். இப்ப என்ன புதுசா அழுக்கு?" என்றாள்.

எப்போது வருவாய் என்று கேட்கவில்லை. அவள் படுக்கும் பக்கத்துத் தலையணையைத் தொட்டுப் பார்த்தேன். அதுவும் ஈரம்.

நவம்பர் 15, சனி

முடிவு செய்துவிட்டேன். அவன் என்னை எங்கே வைத்துப் பேசினானோ, அதே ஆட்கள் முன்னால் அவன் தலை குனிய வேண்டும். தனியாகக் கூப்பிட்டுச் சொல்வதெல்லாம் அவனுக்குச் சலுகை.

நவம்பர் 17, திங்கள்

குழாயடிப் பலகையில் ஒட்டிய அறிவிப்பை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

"வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என் டிரெய்லரில் உள்கூரை பிரிக்கப்படும். என் மாப்பிள்ளையின் கைவண்ணத்தைக் காண அனைவரும் வருக. செருப்பு நனையும்."

ரேடியோ படித்துவிட்டு, "கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கே! மாப்பிள்ளையோட அப்பா பேரு விட்டுப்போச்சு" என்றார். அவர் இருக்கும்போது பலகைக்கு என்ன அவசியம் என்றுதான் பிறகு தோன்றியது.

மாப்பிள்ளைக்கு நானே போன் செய்தேன். "மாப்பிள்ளை, சனிக்கிழமை கூரைய எறக்கணும். நீங்க வரணும்." மூன்று மாதத்துக்குப் பிறகு நானாகப் பேசியது அவனுக்குச் சந்தோஷமாகிவிட்டது. "கண்டிப்பா வரேன் மாமா, ஆள் வேணாம், நானே எறக்கித் தரேன்" என்றான். அறிவிப்பு பற்றி அவனுக்குத் தெரியாது.

நவம்பர் 21, வெள்ளி

கை சும்மா இருக்கவில்லை. நாளைக்கு எந்தத் தகட்டை முதலில் எடுத்தால் தண்ணீர் நன்றாகக் கொட்டும் என்று பார்க்க, மூலையில் ஒரு தகட்டை மட்டும் கழற்றினேன். ஒத்திகை.

பலகையை விலக்கி டார்ச் அடித்தேன். கூரைத் தகட்டில் ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு ஓட்டை. வட்டமாக, சுத்தமாக, கம்பெனியிலேயே போட்ட ஓட்டை. வெளிச்சம் தெரிய வேண்டியதுதானே? தெரியவில்லை. மேலிருந்து கறுப்பாக ஏதோ வழிந்து இறுகியிருக்கிறது. நகத்தால் சுரண்டினேன்.

தார்.

ஜூன் மாத மழையில் கூரை ஒழுகியபோது மேலே ஏறித் தார் பூசினேன். அங்கே நாலு மூலையிலும் காளான் மாதிரி நாலு சின்னத் தொப்பிகள் இருந்தன. பழைய ஆண்டெனா மாட்டியிருந்த இடம் என்று நினைத்து அவற்றின் மேலும் அப்பி, ஒரு துளி போகாமல் அடைத்தேன். அவை தகட்டுக்கு அடியில் தேங்கும் ஆவி வெளியே போகிற மூக்கு. இன்றைக்குத்தான் தெரிகிறது. ஒரே ஒரு தொப்பியை, ஒன்றே ஒன்றைத் திருகிக் கழற்றிப் பார்த்திருந்தால்...

ஏன்டா பாக்கல? எல்லாத்தையும் பிரிச்சுப் பாக்கற நீ, அத மட்டும் ஏன் பாக்கல? மழையில நனையறமேன்னு அவசரம். அவ்வளவுதான். அதுக்கு வெல அவ நெஞ்சு.

ஆகஸ்டில் அவன் கீழே அடைக்காமல் இருந்திருந்தால் இவ்வளவு வந்திருக்காது. அது நிஜம். நான் மேலே அடைக்காமல் இருந்திருந்தாலும் இவ்வளவு வந்திருக்காது. அதுவும்.

தகட்டைத் திரும்பப் பூட்டினேன். ஏணி போட்டேன். விடிவதற்குள், வேண்டாம், இப்போதே சுரண்டிவிடலாம் என்று சுரண்டியையும் எடுத்துக்கொண்டேன். நாலு படி ஏறியிருப்பேன்.

"என்ன, ஷோ இன்னிக்கேவா?" கீழே ரேடியோ.

"காத்து எப்படி இருக்குன்னு பாக்கறேன்" என்று சொல்லி இறங்கிவிட்டேன்.

நவம்பர் 22, சனி

வந்தார்கள். இருபது பேருக்குக் குறையாது. நாற்காலிகூடக் கொண்டுவந்தார்கள். மாப்பிள்ளை கருவிப் பெட்டியோடு வந்து, கூட்டத்தைப் பார்த்து, குழாயடிப் பலகையைப் பார்த்து, புரிந்துகொண்டு, உள்ளே வந்து திருகுகளைக் கழற்றத் தொடங்கினான். நான் வாசற்படியில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "பதினாறு நாளா உள்ள ஒரு டம்ளர் தண்ணி கொதிக்க வெக்கல. இப்ப பாருங்க."

மூன்றாவது தகடு இறங்கியதும் கொட்டியது. வாளியைக் கவிழ்த்த மாதிரி. அவன் தலையிலும் தோளிலும் ஷூவிலும். பூசண நாற்றம் படிவரை வந்தது. ஒரு பெண் மூக்கைப் பொத்தினாள். யாரோ சிரித்தார்கள்.

இதற்குத்தான் காத்திருந்தேன். இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், இனித்தது.

அப்போது நர்ஸம்மா முன்னால் வந்தாள். கோடி டிரெய்லரில் இருப்பவள். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. "அண்ணே, எங்க வண்டியிலயும் இப்படித்தான பண்ணீங்க? ரெண்டு துவாரத்தையும் மூடி?"

"ஆமாம்மா."

"இவளுக்கு ரெண்டு வாரமா சளி விடல."

அவன் முகத்தை அப்போது பார்த்தேன். அவனிடமிருந்து நான் கேட்டது தலைகுனிவு. இது வேறு என்னவோ. அவன் திரும்பி, எத்தனை பலகை நனைந்திருக்கிறது என்று பார்க்கிறவன் மாதிரி மேலே டார்ச் அடித்தான். வெளிச்சம் ஒரு ஓட்டையில் நின்றது. நகர்ந்து அடுத்ததில். நாலு மூலைக்கும் போனது. விரலால் தொட்டுப் பார்த்தான். விரல் கறுப்பானது.

தொழில்காரன். அவனுக்கு ஒரு நொடி போதும்.

என்னைப் பார்த்தான். "மாமா..." என்றான். வாசலில் இருபது பேர். நான் படியைப் பிடித்துக்கொண்டேன். சொல்லட்டும், சொன்னால் ஒரு கை பார்த்துவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

டார்ச்சை அணைத்தான். வாசலுக்கு வந்து கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்: "மேல ஏறிப் பாக்காம ஒட்டிட்டேன். தப்பு என்னுதுதான்."

அவ்வளவுதான். விரலைப் பேன்டில் துடைத்துக்கொண்டான்.

நவம்பர் 23, ஞாயிறு

எனக்குப் பிச்சை போடுகிறானா அவன்?

மனைவி போனில்: "ஜெயிச்சுட்டீங்களாம், ரேடியோ சொன்னாரு. இங்க மாப்பிள்ளை நேத்துலேந்து சரியா சாப்பிடல. என்னப்பா ஆச்சுன்னு கேட்டா, மாமா சொன்னது சரிதான் அத்தேங்கறாரு. வேற ஒரு வார்த்தை வரல."

தாரைப் பற்றி அவன் வீட்டிலும் சொல்லவில்லை. அவளிடமும்.

"நீங்க ஏன் பேசமாட்டேங்கறீங்க?" என்றாள்.

"சிக்னல் சரியில்ல" என்றேன்.

நவம்பர் 24, திங்கள்

எழுத ஒன்றுமில்லை. சன்னலில் நூற்று எண்பது.

நவம்பர் 25, செவ்வாய்

ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். மாப்பிள்ளை ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். காலைத் தட்டினேன்.

"எத்தன வண்டிக்கு இந்த மாதிரி ஒட்டினீங்க?"

"நம்மளோடத விட்டுட்டு ஒம்பது, மாமா."

"ஒம்பதையும் தெறக்கணும்."

"தெறந்துடறேன்."

"நீங்க மட்டும் போனா மறுபடியும் எதையாவது ஒட்டிட்டு வருவீங்க. நானும் வரேன்."

வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். பிறகு, "வாங்க மாமா, ஏணி ஒன்னுதான் இருக்கு" என்றான். தாரைப் பற்றி அவனும் பேசவில்லை. நானும் பேசவில்லை. திரும்பி நடந்து வரும்போது அவன் மேல் கோபம் தணிந்துவிட்டதா என்று யோசித்தேன். இல்லை. ஆனால் அதற்குப் பக்கத்தில் இன்னொன்றும் உட்கார்ந்துவிட்டது. அது அவன் மேல் இல்லை.

நவம்பர் 26, புதன்

செய்ய வேண்டியவை, செய்ய வேண்டியவர்கள்:

முதலில் நர்ஸம்மா வண்டி, நாளைக் காலையே. இரண்டு துவாரங்களையும் திறந்து, நனைந்த பலகையை இறக்குவது: மாப்பிள்ளை. அதுவரை குழந்தையையும் தாயையும் தன் வீட்டு முன்னறையில் தங்க வைப்பது: என் மகள். கேட்டாயிற்று, சரி என்றாள்.

மற்ற எட்டு வண்டிகள், ஒரு நாளைக்கு ஒன்று. ஒவ்வொரு வாசலிலும் "அடைச்சது நான்தான்" என்று தன் வாயால் சொல்வது: மாப்பிள்ளை. பின்னால் நின்று அதைக் கேட்பது: நான். இதில் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

எந்தக் கூரையானாலும் ஏறித் தொப்பிகளைத் திருகிக் கழற்றி, ஊதிப் பார்த்த பிறகே பலகை ஒட்டுவது: இருவரும்.

ஈரத்துணி, வெந்நீர் என்று ஒர்க்‌ஷாப்பில் பேசியதை அதே ஒர்க்‌ஷாப்பில் திரும்பப் பெறுவது: மாப்பிள்ளை. ரேடியோ இருக்கும் நேரமாகப் பார்த்து.

எங்கள் கூரைத் தாரைச் சுரண்டுவது: நான். ஏணியைப் பிடிப்பது: மாப்பிள்ளை.

அலமாரியைக் கழற்றி வெயிலில் வைப்பது, பூசணம் துடைப்பது, தலையணையைத் தூக்கிப் போட்டுப் புதிது வாங்குவது: நான்.

கூரை காய்ந்ததா என்று குத்தூசி செருகிப் பார்ப்பது: நான். நான் சொன்னால் நம்பாமல் இன்னொரு தடவை பார்ப்பது: மாப்பிள்ளை.

அவள் திரும்பி வரலாமா என்று சொல்வது: டாக்டர் மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் காரில் கூட்டிவந்து ஏணியடியில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைப்பது: மகள்.

அந்த நாலு தொப்பிகளையும் அடைத்தது யார் என்று அவளிடம் சொல்வது: நான். எனக்காக மாப்பிள்ளை இன்னொரு தடவை டார்ச்சை அணைப்பதற்கு முன்னால்.