நான் சொல்லவிடாத சத்தியம்

என் உயிரான அண்ணனுக்கு,

அந்தப் பதினைந்து விநாடி வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. நீ போய் ஏழு மாதம் ஆயிற்று. அதற்கு மட்டும் சாவில்லை.

போன வாரம் பெரம்பலூரில், உன் மகள் கயலின் கல்லூரியிலேயே ஒருத்தி அதைக் காட்டி, "இது உங்கப்பாதான?" என்று கேட்டிருக்கிறாள். உடனே எனக்குப் போன். "அத்த, நீங்க இதுக்குன்னே புக்கெல்லாம் எழுதியிருக்கீங்களே, எடுக்க முடியாதா?"

இணையத்தில் எதைப் பேசலாம், எதை நீக்கலாம் என்று இருபது வருடமாகச் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். வீடியோ சுற்றும் அந்தச் செயலியின் கம்பெனிக்கு மூன்று முறை எழுதினேன். 'எங்கள் விதிகளுக்கு முரணாக இல்லை' என்று மூன்று முறையும் ஒரே பதில். சைபர் கிரைம் அதிகாரி நல்ல மனுஷன். "ஒரு குரூப்புல எடுத்தா பத்து குரூப்புல வருது மேடம், நான் என்னங்க பண்றது?" என்று என்னையே கேட்டார். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான் என் கதை.

ஆனால் அண்ணே, என்னை அரிப்பது அது இல்லை.

அன்று சர்க்கரை இறங்கி, நீ ஓட்டும் ஸ்கூல் வேன் பக்கத்தில் தள்ளாடினாய். ஒரு சொட்டுகூடத் தொடாத உன்னை, குடித்துவிட்டுப் பிள்ளைகளை ஏற்றுகிறான் என்று வீடியோ எடுத்து ஊர் குரூப்பில் போட்டார்கள். நீ கேட்டது ஒன்றே ஒன்று. "பாப்பா, வர்ற வெள்ளிக்கிழம சிறுவாச்சூர் கோயில்ல நடை தொறந்திருக்கும். கையில கற்பூரம் ஏத்தி சத்தியம் பண்ணி, அத குரூப்புல போட்டுடறேன். முடிஞ்சிடும்."

நான் சிரித்தேன். "கேஸ் குடுத்திருக்கோம்ணே. நீ எங்கயும் வாயத் தொறக்காத" என்றேன். சட்டப்படி அது சரியான யோசனைதான். நீயும் கேட்டுக்கொண்டாய், தங்கச்சி படித்தவள் என்று.

சத்தியத்துக்கு வராதவன்தான் குற்றவாளி என்று நம் ஊர் நினைக்கும். இது எனக்குத் தெரியாதா? ஒவ்வொருவராகப் பிள்ளைகளை உன் வேனிலிருந்து நிறுத்தினார்கள். நீ வாசலுக்கு வருவதையே விட்டாய். மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அண்ணி இதுவரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

உனக்குப் பதிலாக நான் கற்பூரம் ஏற்றலாமா என்று பூசாரியிடம் கேட்டுப் பார்த்தேன். "சம்பந்தப்பட்டவங்கதாம்மா பண்ணணும்" என்றார்.

வீடியோவை எடுத்துவிடுவேன் என்று வாக்குக் கொடுக்க எனக்குத் தெம்பில்லை அண்ணே. ஒன்று மட்டும் சொல்கிறேன். இனி யார் இப்படி என்னிடம் வந்து நின்றாலும், சட்டம் பேசுவதற்கு முன்னால் அவர்களைப் பேச விடுவேன். உன்னை நான் விடவில்லை.

உன் வாயை அடைத்த தங்கச்சி,
பாப்பா