மடக்கிக்கொண்ட விரல்கள்

நேற்று மாலை நாலு மணிக்கு வகுப்பறைப் பூட்டைத் திறந்ததும் நோன்புக் கஞ்சி மணத்தது. வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால். இது நோன்பு மாதமில்லை. கே.கே. நகரில் இந்த மருத்துவமனை மாடியில் அடுப்பும் இல்லை. காவலாளியை அழைத்து முகர்ந்து பார்க்கச் சொன்னேன். பினாயில் வாசனைதான் வருகிறது என்றார்.

பணி ஓய்வுக்குப் பின் சர்க்கரை நோயாளிகளுக்கு நான் இங்கே பாடம் நடத்தத் தொடங்கியபோது, தெற்குவாசலிலிருந்து பேருந்தேறி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தவர் நீங்கள். என் வயது. என்னைப் போலவே கணவரை இழந்தவர். நான் எழுதித் தந்த அட்டவணையை எழுத்துக் கூட்டிப் படித்தீர்கள்: எட்டு மணிக்கு மாத்திரை, பதினொன்றுக்கு மோர், நாலுக்குச் சுண்டல்.

"நோம்பு மாசத்துல என்ன செய்ய டீச்சர்? நோம்பு தொறக்குற பாங்க நாலு மணிக்கே சொல்லிருங்கன்னு நீங்களே பள்ளிவாசலுக்கு ஒரு சீட்டு குடுத்து விடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. கான்வென்டில் படித்து, கான்வென்டிலேயே பாடம் நடத்தியவளை வகுப்பில் யாரும் கேலி செய்ததில்லை. நோயாளிக்கு நோன்பு கிடையாது, அட்டவணைப்படி நடங்கள் என்று முடித்துவிட்டேன். அதன்பின் நீங்கள் எதையும் கேட்கவில்லை.

கேட்காமலே நோன்பு பிடித்தீர்கள். விடியுமுன் சாப்பிட்டு, காலை மாத்திரையை அப்போதே முழுதாக விழுங்கினீர்கள். மாலை அஸர் தொழுகை நேரத்தில் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கியது, சேலை வியர்வையில் நனைந்தது. மருமகள் சர்க்கரை பார்க்கும் கருவியோடு ஓடி வந்தபோது விரல்களை மடக்கிக்கொண்டீர்களாம். "ரத்தம் வந்தா நோம்பு முறிஞ்சிரும்" என்றீர்களாம். சர்க்கரைத் தண்ணீருக்கும் வாய் திறக்கவில்லை. நோன்பு திறக்கும் பாங்கு சொல்லும்போது உங்களுக்கு நினைவில்லை. மறுநாள் அடக்கம்.

பிறகுதான் உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் போய்க் கேட்டேன். விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது, உயிருக்கு ஆபத்தென்றால் முறிப்பதுதான் மார்க்கம் என்றார். கேட்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

நேற்று அவனியாபுரத்திலிருந்து புதிதாக ஒரு பெண் வந்தாள். நான் தொடங்குமுன்பே, "குத்திப் பாத்தா நோம்பு முறியாதாம்ல டீச்சர்?" என்றாள். யார் சொன்னது என்றேன்.

"வெளிய பெஞ்சுல இருக்க பெரியம்மா. பயப்படாம கேளு, இப்பல்லாம் டீச்சர் கோவிக்க மாட்டாங்கன்னாங்க."

எட்டிப் பார்த்தேன். பெஞ்சில் யாருமில்லை. பேய்க் கதைகளை நம்பி வளர்ந்தவள் இல்லை நான். என்றாலும் கதவைச் சாத்தவில்லை.

அவளுக்கு அட்டவணை எழுதித் தரவில்லை. உங்கள் வீட்டில் எப்போது சாப்பிடுவீர்கள், எப்போது சாப்பிட மாட்டீர்கள் என்று கேட்டேன். இப்போதெல்லாம் எவரிடமும் அதைத்தான் முதலில் கேட்கிறேன். பதிலுக்குக் காத்திருக்கும்போதெல்லாம், எனக்குப் பின்னால் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரியும். திரும்பிப் பார்ப்பதில்லை.