கதவைத் திறந்தால் இறங்கும் படி

ஞாயிறு, இரவு.

ஜீப்பை என் வீட்டுக்காரர் பெரிய சக்கரம் போட்டு உயரமாக்கியதிலிருந்து, முட்டி ஆபரேஷன் ஆன நான் இவர் தோளைப் பிடித்துத்தான் ஏறிவந்தேன். இன்று கொண்டாப்பூரில் வண்டிச் சாமான் கடையில் படி பொருத்தினோம். கதவைத் திறந்தால் தானாக இறங்குகிறது. மூடினால் உள்ளே போய்விடுகிறது. யார் கையையும் பிடிக்காமல் ஏறினேன். கண் கலங்கிவிட்டது.

அங்கே வந்த இவருடைய நண்பர் சிரித்தார். "கைக்கூ பாய், எதுக்கு இந்தப் படி? இது ஜீப்பா, டவுன் பஸ்ஸா?"

இவரும் கூடச் சிரித்தார். "இவ தொல்லை தாங்கலப்பா. கொஞ்ச நாள்ல கழட்டிடுவேன்."

தொல்லையாம்! வண்டியை உயர்த்தச் சொன்னது நானா?

சாவியைப் பிடுங்கி, ஓட்டுகிற பக்கம் ஏறினேன். "நீங்க ஆட்டோல வாங்க" என்று சொல்லிவிட்டுத் தனியாக வீட்டுக்கு ஓட்டிவந்தேன்.

இப்போது ஹாலில் உட்கார்ந்திருக்கிறார். பசிக்குமே என்கிறது மனசு. பசிக்கட்டும். அந்தப் படியில் கை வைக்கட்டும், பார்க்கிறேன்.